எட்டு மாதம் வாழ்ந்த ஓல்ட் பாதிரியார்

மட்டக்களப்பு நகரிலே, புளியந்தீவின் வாவிக்கரையில், முற்காலத்தில் தோணிகளும் வள்ளங்களும் வந்தடைந்த பழைய இறங்குதுறைக்கு அணித்தாக, வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவரின் சிலை நிற்கின்றது. சந்தைக்கும் கச்சேரிக்கும் போகின்றவர்கள் நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றனர். வில்லியம் ஓல்ட் என்னும் அவர் பெயரை மட்டக்களப்பிலே பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். புகழ்பெற்ற மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் பிறப்பாண்டு 1814 என்று சொல்லிக்கொள்வது இவரை முன்னிட்டே. ஆயினும் அப்பெயருக்குரிய மனிதர் இம்மண்ணில் வாழ்ந்த காலம் எட்டே மாதம் என்பதையும், அந்த எட்டு மாதத்துக்கு முன்னர் அவர் எவற்றையெல்லாம் கடலில் விட்டுவந்தார் என்பதையும் அறிந்தோர் சிலரே.

நான் கல்முனைக் கரையைச் சேர்ந்த முஸ்லிம். கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவரின் சரிதத்தை எழுத நான் முற்பட்டமை சிலருக்கு வியப்பாயிருக்கலாம். காரணம் உண்டு. 1960ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கம் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்குவதற்கு முன்னர், எங்கள் கரையில் ஆங்கிலம் கற்க விரும்பியவர்கள் பலர் மிஷன் பாடசாலையையே நாடினர். நானும் அவர்களுள் ஒருவன். வைகறையில் சுபஹுத் தொழுகைக்குப் பின் லெப்பையிடம் குர்ஆன் ஓதுவேன். பின்னர் பாடசாலை மண்டபத்தில், வேதாகமத்தில் அன்றைக்குரிய பகுதியை ஆசிரியர் வாசிக்கக் கேட்பேன். பிற சமயப் பிள்ளைகள் விரும்பினால் வெளியே நிற்கலாம். என் வாப்பாவோ என்னை உள்ளேயே நிற்கும்படி சொல்லியிருந்தார்; கேட்பதனால் ஈமான் குறைந்துவிடாது என்பது அவருடைய துணிபு. ஒரு தவணையில் யோபின் ஆகமம் வாசிக்கப்பட்டது. இரவு வேளைகளில் எங்கள் மூத்தம்மா சொல்லும் ஐயூப் நபியின் கதைதான் அது என்று எனக்கு விளங்கச் சில நாட்கள் சென்றன. நாளுக்குச் சிறிதாக, விடாமல், ஒரு வேதத்தைப் பிள்ளைகள் முன் வாசிக்கும் அந்த மெதடிஸ்த வழக்கம் எங்கள் கரைக்கு எவ்வாறு வந்தது என்று பிற்காலத்தில் தேடத் தொடங்கியபோதே ஓல்ட் பாதிரியாரிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் கதை தோமஸ் கோக் என்னும் மற்றொருவரின் கதையிலிருந்து தொடங்குகின்றது. கோக் 1747ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டிலே செல்வக் குடியொன்றிற் பிறந்தவர்; ஜோன் வெஸ்லியின் அணுக்கத் தொண்டர்; அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பதினெட்டு முறை கடந்தவர். முதுமை நெருங்கியபோது அவர் நெஞ்சு கீழைத்தேசத்தையே நாடிற்று. இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், இத்தீவுக்குப் போதகர் வேண்டுமென்று இங்கிலாந்திலே பேசியிருந்தார். ஜோன்ஸ்டனின் பெயரை எங்கள் மக்களும் நன்றியுடன் நினைப்பதுண்டு. இலங்கை முஸ்லிம்களின் விவாக, வாரிசு வழக்கங்களைச் சட்டக்கோவையாக்கிய 1806ஆம் ஆண்டு முயற்சியோடு தொடர்புடைய பெயர் அது. 1813ஆம் ஆண்டு லிவர்ப்பூலிற் கூடிய மெதடிஸ்த மகாசபையின் முன்னே கோக் எழுந்து, செலவுக்குச் சபையிடம் பணம் இல்லையாயின் தம் சொந்தப் பொருளிலிருந்து 6,000 பவுண் வரை தருவதாக வாக்களித்து அனுமதி பெற்றார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது நெருங்கியிருந்தது. இருமுறை மணம்புரிந்து இருமுறையும் மனைவியை இழந்தவர். இரண்டாம் மனைவி இறந்து ஓராண்டுகூட நிறைவுறவில்லை. துயருற்ற மனிதர் சிலர் வீட்டின் கதவை அடைத்துக்கொள்வர்; சிலர் கப்பலேறுவர். கோக் இரண்டாம் வகையினர்.

அவர் தெரிந்தெடுத்த இளம் போதகர்களுள் ஒருவரே வில்லியம் ஓல்ட். 1813ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் இங்கிலாந்தின் போட்ஸ்மத் துறையிலிருந்து கப்பற் கூட்டமொன்று புறப்பட்டது. கபால்வா என்னும் கப்பலிற் கோக்கும், ஹாவார்ட் தம்பதியரும், பெஞ்சமின் கிளவ் என்பவரும் சென்றனர். லேடி மெல்வில் என்னும் மற்றொரு கப்பலில் ஜேம்ஸ் லின்ச், ஜோர்ஜ் எர்ஸ்கின், தோமஸ் ஸ்குவான்ஸ் ஆகியோரும், ஓல்டும் அவருடைய மனைவியும் சென்றனர். பாதிரிமாருக்கு ஒவ்வொரு நாளும் கால அட்டவணையின்படியே கழிந்தது. மெதடிஸ்தர் என்னும் பெயரே ஒழுங்குமுறை பற்றி எழுந்த கேலிப் பெயர் என்பதை வாசகர் அறிந்திருப்பர். காலையில் வேத வாசிப்பு, ஜெபம், பின்னர் மொழிப் பயிற்சி, மாலையில் மீண்டும் வாசிப்பு. இலங்கையின் பறங்கியர் பேசும் மொழி என்பதனாற் கோக் முதிர்ந்த வயதிலும் போர்த்துக்கேய மொழியைப் பயின்றுகொண்டிருந்தார்.

ஓல்டின் மனைவி நோயுற்ற உடம்புடனேயே அப்பயணத்தைத் தொடங்கியிருந்தார். கப்பல்கள் நன்னம்பிக்கை முனையை அடையுமுன்னரே, 1814 பெப்ரவரியில் அவர் உயிர் பிரிந்தது. கப்பலில் இறந்தோர்க்கு நடக்கும் சடங்கு யாவருக்கும் ஒன்றே. துணியிற் சுற்றி, வேதத்தில் ஒரு பகுதி வாசித்து, உடலைக் கடலில் இறக்குவர். கப்பல் நிற்பதில்லை. ஓல்டுக்குப் போய்நின்று அழுவதற்கு ஒரு பிடி மண்ணும் மிஞ்சவில்லை. மறுநாட் காலையிலும் அதே மணி, அதே மேசை, அன்றைய நாளுக்குரிய வேதப் பகுதி.

இவ்விடத்தில் எழுதுகோலைச் சற்று நிறுத்துகின்றேன். பிரசங்கிகள் இத்தகைய கட்டங்களில், அவர் துயரை வென்றார், ஆறுதல் பெற்றார் என்று விரைந்து எழுதிச் செல்வர். அவருடைய அகத்துக்குள் நடந்ததை நாம் எவ்வாறு அளப்பது? புறத்தே தெரிவது ஒன்றே. அவர் பயணத்தை முறிக்கவில்லை. பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல்கள் திரும்பிக்கொண்டுதானிருந்தன. மனைவியை இழந்தவர் ஊர் திரும்பினால் எவரும் குறைகூறியிருக்கமாட்டார்.

இரண்டாவது அடி மே மாதம் 3ஆம் திகதி விழுந்தது. இந்து சமுத்திரத்தின் நடுவே, கபால்வாவில் கோக்கின் அறைக்கதவை வேலையாள் விடியற்காலையில் தட்டினான். மறுமொழி இல்லை. உள்ளே சென்று பார்த்தபோது அக்கிழவர் தரையில் உயிரற்றுக் கிடந்தார். அன்றைக்கே அவரும் கடலுக்குள் இறக்கப்பட்டார். தலைவரோடு அவர்களுடைய பணவசதியும் கடலில் மூழ்கிற்று என்றே சொல்லவேண்டும். செலவு முழுவதும் கோக்கின் பெயரிலும் கையெழுத்திலும் தங்கியிருந்தது. எஞ்சியவர்களுக்கு ஆசியாவில் அறிமுகமானவர் எவருமில்லை. மே 21ஆம் திகதி பம்பாயில் இறங்கியபோது அவர்கள் திக்கற்றோராயினர். கப்பற் தலைவர் நல்ல வார்த்தை சொல்ல, மணி என்னும் பெயருடைய ஆங்கில வர்த்தகர் ஒருவர் கடன் கொடுக்க இசைந்தார். ஆங்கிலத்திற் பணம் என்று பொருள்படும் பெயருடையவரிடமிருந்தே பணம் கிடைத்ததைப் பலரும் புன்னகையோடு குறிப்பர். அந்நிலையில் அப்பாதிரிமார் சிரித்திருப்பார்களா என்பது ஐயமே. பம்பாய்த் தேசாதிபதி சேர் இவான் நேப்பியன் தங்குவதற்கு இடமளித்தார்.

ஹாவார்டின் மனைவி கருவுற்றிருந்தமையால் அத்தம்பதியர் பம்பாயிற் தங்க, ஏனைய ஐவரும் ஜூன் 29ஆம் திகதி காலித் துறையை அடைந்தனர். காலிக் கோட்டையின் படைத்தலைவர் மோல்ஸ்வேத் பிரபு அவர்களை அன்புடன் வரவேற்றார். அடுத்த மாதம் ஐவரும் கூடி யார் எங்கே செல்வது என்று தீர்மானித்தனர். லின்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம், எர்ஸ்கின் மாத்தறை, கிளவ் காலி, ஓல்ட் மட்டக்களப்பு. யாழ்ப்பாணத்துக்கு இருவர் சென்றனர். சிங்களப் பகுதியிலிருந்த இருவரும் ஒருவருக்கொருவர் நாளொன்றில் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தனர். யாருமற்ற கரைக்குத் தனியே போனவர், மனைவியை இழந்த ஓல்ட் ஒருவரே.

காலியிலிருந்து மட்டக்களப்புக்கு அக்காலத்தில் நல்ல தரைப்பாதை இல்லை. ஆகஸ்ட் மாதத்தில், உள்ளூர்த் தோணியொன்றில் அவர் தெற்குக் கரையைச் சுற்றி வந்தார். சில நாளில் முடியுமென்று எண்ணிய பயணம் மிக நீண்டுவிட்டது. உணவும் நிழலும் போதாத அத்தோணியில் அவர் உடல்நலம் கெட்டது. பொத்துவிலைத் தாண்டிய பின் அத்தோணி வந்த வழி எங்கள் கடலே. அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று தென்னஞ்சோலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் அடுத்தடுத்துத் தொடரும் இக்கரையை அவர் இடப்புறத்தே கண்டிருப்பார். ஆகஸ்ட், கச்சான் வீசும் காலம். வயல்வெளிகளைக் காயவைத்து, மணலைச் சுடவைத்து, தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் அக்காற்று தோணியைக் கரைக்கு அண்டவிடாது. அக்காற்றின் கொடுமையை இக்கரையிற் பிறந்தோரிடம் கேட்டால் தெரியும்.

இக்கரையும் துரத்தப்பட்டோர் வந்து குடியேறிய கரைதான். 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். உழவுத் தொழிலும் ஆற்றங்கரை வாழ்வும் தாய்வழிக் குடிமுறையும் தமிழ் மொழியும் இங்கே எங்களையும் அயலிலுள்ள இந்துக்களையும் பிணைத்தன. கல்முனையும் அன்று மட்டக்களப்பைச் சேர்ந்ததே. அம்பாறை என்று தனி மாவட்டம் பிரிந்தது 1961ஆம் ஆண்டிலேயே.

ஓல்ட் வந்திறங்கிய மட்டக்களப்பு ஒரு சிற்றூர். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கி, 1638இல் ஒல்லாந்தர் பறித்து, 1795 முதல் ஆங்கிலேயர் வசமான கோட்டை. அதனருகே பறங்கியர் சிலர். சுற்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும். ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்கும் காணியுரிமைக்கும் ஞானஸ்நானம் பயன்பட்டது; ஆதலால், பெயரளவிற் கிறிஸ்தவராய் வீட்டளவில் வேறாய் வாழும் வழக்கம் ஊன்றியிருந்தது. ஒல்லாந்த ஆட்சி போனதும் அப்பெயரும் போய்க்கொண்டிருந்தது. ஓல்ட் எங்கள் முன்னோரின் சமயத்தை மாற்றவே வந்தார். அதனை மறைத்துப் பேசுவது அவருக்கும் மரியாதையன்று, எமக்கும் மரியாதையன்று. முஸ்லிம்களிடையே அவ்வெண்ணம் ஈடேறவில்லை. இந்துக்களுள்ளும் மிகச் சிலரே இசைந்தனர். எனினும் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பள்ளிக்கூடத்தை எவரும் வெறுக்கவில்லை. எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளிகளை அவர் தொடங்கினார் என்பது மெதடிஸ்த வரலாற்றில் வழங்கும் கணக்கு.

அப்பள்ளிகளில் வாசிக்கத்தக்க அச்சுப் புத்தகம் எது? இன்றைய பாடநூல்களை மனத்திற்கொண்டு அக்காலத்தை எண்ணலாகாது. திண்ணைப் பள்ளியில் ஏட்டுச் சுவடி. அச்சிட்ட தமிழ் நூல்கள் அருமை. அருமையானவற்றுள் முதன்மையானது வேதாகமம். சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறிற்று. ஓல்ட் வருவதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு. கொழும்பில் ஒல்லாந்தர் அச்சுக்கூடத்தில், இலங்கைத் தமிழரான பிலிப்பு தெ மெல்லோவின் மொழிபெயர்ப்பு 1759இல் வெளிவந்தது. பப்ரீசியுசின் மொழிபெயர்ப்பு அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் ஆட்சி செலுத்தியது. 1812இல் கொழும்பில் வேதாகமச் சங்கம் நிறுவப்பட்ட பின் பிரதிகள் கிடைப்பது எளிதாயிற்று. இவ்வாறாக, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் சிறுவனுக்கும் மிஷன் பள்ளிகளில் வேதாகமமே வாசிப்புப் புத்தகமாயிற்று. நாளொன்றுக்கு ஒரு பகுதி. வாசித்தல், திருத்தல், மீண்டும் வாசித்தல். பக்தியினால் எழுந்த வழக்கம் படிப்பின் முறையுமாயிற்று. ஓதப் போகும் எங்கள் பிள்ளைகள் அலிப், பே தொடங்கி ஜுஸு ஜுஸுவாக முன்னேறும் முறையும் இதற்கு அயலானதன்று.

ஆசிரியர்தாமும் மாணவரே. கப்பலிற் போர்த்துக்கேய மொழியை எழுத்துக்கூட்டியவர்கள் இங்கே தமிழை எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்து. ளகர ழகர லகர வேறுபாடு. நோயுற்ற மனிதர், தனிமையில், மெழுகுதிரி வெளிச்சத்தில் இவற்றோடு போராடியதை எண்ணுங்கால், நான் அவருடைய சமயத்தை மறந்து அம்மனிதரையே காண்கின்றேன்.

யோபின் ஆகமத்தைப் பற்றி முன்னர் சொன்னேன். அதற்கு இனித்தான் வரவேண்டும். குர்ஆனில் ஐயூப் நபியின் பெயர் நான்கு இடங்களில் வருகின்றது. அந்நிஸா, அல்அன்ஆம் ஆகிய அத்தியாயங்களிற் பெயர் மட்டும். அல்அன்பியாவிலும் ஸாத் அத்தியாயத்திலும் அவர் துன்பமும் அதன் நீக்கமும். மிகச் சுருக்கமான கதை அது. நோயுற்றார், இறைவனை அழைத்தார், காலால் நிலத்தை உதைக்க நீரூற்றுத் தோன்றிற்று, குடும்பம் மீண்டது. பொறுமையாளர் என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. சபர் என்றால் ஐயூப் நபி என்றே எங்கள் மூத்தம்மா சொல்லித் தந்தார். வேதாகமத்திலோ யோபுக்கு நாற்பத்திரண்டு அதிகாரம். ஏழு ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் ஒரே வீட்டிற் கூடியிருக்க, வனாந்தரத்திலிருந்து வந்த பெருங்காற்று வீட்டை வீழ்த்துகின்றது. உடலெங்கும் புண், ஓட்டுத் துண்டொன்றாற் சுரண்டிக்கொண்டு சாம்பலில் அமர்ந்திருக்கின்றார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர் வந்து ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் உடனிருக்கின்றனர். அவர்கள் செய்த செயல்களுள் நல்லது அந்த ஏழு நாட்களே. பின்னர் வாய் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய், அதனாலேதான் இத்துன்பம் என்று மாறி மாறி வாதிக்கின்றனர். யோபு அதனை ஏற்கவில்லை. தாம் பிறந்த நாளை நோகின்றார். இறைவனையே வழக்குக்கு அழைக்கின்றார். முடிவில் இறைவன் பெருங்காற்றிலிருந்து பேசுகின்றான், காரணம் சொல்லவில்லை. கடலுக்கு எல்லை வகுத்தவன் யார் என்பது போன்ற வினாக்களையே அடுக்குகின்றான். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தீர்க்கின்றான்: நண்பர்கள் தன்னைக் குறித்துப் பேசியது சரியன்று, யோபு பேசியதே சரி. சிறுவயதில் இப்பகுதியைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் கடல் எல்லையை மீறிற்று. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரையை ஒட்டிய வளவுகள் தரைமட்டமாயின. கோயிலென்றும் பள்ளிவாசலென்றும் மாதா கோயிலென்றும் அலை பார்க்கவில்லை. பலருக்கு ஜனாஸா கிடைக்கவில்லை. கடலே அவர்களின் கபுறு. அந்நாட்களில், புதைகுழிகளின் மண் காயுமுன்னரே, இது இன்னார் செய்த பாவத்துக்குத் தண்டனை என்று சொல்லத் துணிந்தவர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னே நின்றும் அதனைச் சொன்னார்கள். அப்போதுதான் மிஷன் பாடசாலை மண்டபத்தில் என் செவியில் விழுந்த எலிப்பாசையும் பில்தாத்தையும் சோப்பாரையும் நான் கண்ணாரக் கண்டேன். மூத்தம்மா சொல்லித் தந்த ஐயூப் நபியும் எங்கள் கண்முன்னே இருந்தார்: இழந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், மறுநாள் சுபஹுக்கு உளூச் செய்ய நீர் தேடிய மனிதரின் உருவில். இரண்டு வேதமும் ஒரு மனிதரின் இரண்டு பக்கத்தைச் சொல்கின்றனவென்று நான் எண்ணிக்கொண்டேன். அறிஞர் இதனை ஒப்புவரோ அறியேன்.

கடலில் மனைவியைக் கொடுத்த ஓல்ட் தமது அன்றாட வாசிப்பில் யோபின் அதிகாரங்களுக்கு வந்தபோது எப்படி வாசித்திருப்பார்? வேதாகமத்தை வரிசையாய் வாசிப்பவன் தனக்கு இனியதை மட்டும் தெரிந்துகொள்ள இயலாது. ஆறுதலான பகுதி வரும் நாளும் உண்டு, காரணமின்றி அடிபட்டவன் கதறும் பகுதி வரும் நாளும் உண்டு. குர்ஆனை முப்பது ஜுஸுவாய் ஓதி வருவோர்க்கும் அப்படியே. துன்பமுற்றவன் மனம் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளாத ஒன்றை, முறை வந்துவிட்டதென்ற ஒரே காரணத்தால், வாசிப்பு சொல்லிவிடுகின்றது. நாள்தோறும் ஓதுவதன் பயன் இதுவே என்பது என் அனுபவம். துன்பத்துக்குக் காரணம் கிடைக்கும் என்று நம்பி ஓதுவோர் ஏமாறுவர்.

1815ஆம் ஆண்டு பிறந்தது. தோணிப் பயணத்தில் தளர்ந்த உடம்பு தேறவில்லை. ஊர் ஊராகப் பள்ளிகளைப் பார்த்துவரும் அலைச்சலும் சேர்ந்தது. அருகே உடன்பணியாளர் எவருமில்லை. யாழ்ப்பாணத்துக்கோ காலிக்கோ கடிதம் போய் மறுமொழி வர நெடுநாளாகும். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் படைகள் பல திசைகளிலிருந்தும் கண்டியை நோக்கிச் சென்றன. மட்டக்களப்பிலிருந்தும் ஒரு பிரிவு புறப்பட்டது. மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முடியாட்சி மறைந்தது. நாடெங்கும் அதுவே பேச்சாயிருந்த வேளையில், புளியந்தீவில் ஓல்ட் படுக்கையில் வீழ்ந்தார். ஏப்ரல் முதலாம் திகதி அவர் உயிர் நீத்தார். இலங்கை மண்ணில் இறந்த முதல் மெதடிஸ்தப் போதகர் அவரே. மனைவியைப்போல் கடலுக்குப் போகாமல், அவர் உடலை மட்டக்களப்பு மண் ஏற்றுக்கொண்டது.

அவரோடு வந்தோரின் வாழ்வு பல திசையிற் பிரிந்தது. கிளவ் சிங்கள அகராதி தொகுத்துப் பெயர்பெற்றார். லின்ச் 1817இற் சென்னை சென்று அங்கே மெதடிஸ்தப் பணியைத் தொடங்கினார். எர்ஸ்கின் அவுஸ்திரேலியா சென்றார். பம்பாயிலிருந்து பின்னர் வந்து சேர்ந்த ஹாவார்ட் கொழும்பில் அச்சுக்கூடத்தை நடத்தி, 1823இல் இம்மிஷனின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஓல்டின் கதை நமக்குக் கிடைத்தது பெரிதும் அந்நூலாலேயே. காலியில் அவர்களை வரவேற்ற மோல்ஸ்வேத் பிரபுவும் மனைவியும் ஊர் திரும்பும் வழியில், ஓல்ட் இறந்த இரண்டாம் மாதத்திலேயே, ஆபிரிக்காவின் தென்முனை அருகே ஆர்னிஸ்டன் என்னும் கப்பல் உடைந்து மாண்டனர். அக்கப்பலிலிருந்த முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோருள் பிழைத்தவர் அறுவர்.

ஓல்ட் நூல் எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவருக்குப் பின் மட்டக்களப்பில் மிஷன் பணி தளர்ந்தும் தழைத்தும் தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது வாவியின் தென்புறத்தே கல்முனை வரை வந்தது. தமிழ் வேதாகமமும் அதற்குள் பலமுறை உருமாறிற்று. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் தலைமையில் நடந்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பிற் கைகொடுத்தவர், பின்னாளிற் சைவத்தின் காவலராய் விளங்கிய ஆறுமுக நாவலர். 1871இல் போவர் முதலியோரின் திருத்தம் வந்தது. எங்கள் மண்டபத்தில் வாசிக்கப்பட்டது அந்தப் பாடமே.

அக்காலக் கல்முனை மெதடிஸ்த பாடசாலையின் மாணவருள் காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனம் என்னும் சிறுவனும் ஒருவன். சைவக் குடியிற் பிறந்த அச்சிறுவன் அங்கே ஆங்கிலம் கற்று, பின்னர் மட்டக்களப்பிலே கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரிக்குச் சென்றான். வளர்ந்து இராமகிருஷ்ண சங்கத்திற் துறவு பூண்டு விபுலானந்த அடிகளானான். நெடுநாள் நோயோடு போராடியபடியே யாழ் நூலை எழுதி முடித்த அடிகள், 1947 ஜூனில் அதனை அரங்கேற்றி, அடுத்த மாதம் 19ஆம் திகதி மறைந்தார். அவருடைய உடல் மட்டக்களப்பிலே, சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலே, வாவிக்கு இக்கரையில் அடக்கஞ்செய்யப்பட்டது.